கை வைக்காத கவுன்

"கையைக் கொஞ்சம் இறக்கி வச்சிடுங்க, சதை தெரியக்கூடாது." பதினெட்டு வருஷத் தையல் தொழிலில் டெய்லரக்கா அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் அளவு கொடுக்க நிற்கும்போது இடுப்பைப் பற்றிக்கூட அவ்வளவு கவலைப்படுவதில்லை. கையைத் தூக்கச் சொன்னால்தான் முகம் மாறும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தொங்கும் அந்தச் சதையை இன்னொரு கையால் பிடித்து, யாரோ செய்த குற்றம்போலக் காட்டுவார்கள். டெய்லரக்கா நோட்டில் "கை நீளம் பதிமூணு" என்று எழுதிக்கொள்வாள்.

அவளும் முக்கால் கைக்குக் குறைந்து எதையும் போட்டதில்லை. கேட்டால், "துணி வெட்டும்போது மேசை உரசுது" என்பாள். நாற்பத்து மூன்று வயது. சாவி வெட்டும் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ரயில்பெட்டி மாதிரி ஒரு நீள அறைதான் அவள் கடை. இரண்டு மெஷின், ஓரம் அடிக்க ஒரு மெஷின், வெட்டும் மேசை, சுவர் முழுக்கத் துணி அடுக்கும் பலகை, பின்னால் திரை போட்டு மறைத்த ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் ஊரார் எல்லாரையும் பார்த்திருக்கிறாள், தன்னைத் தவிர.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவளுடைய நாத்தனார் கையில் துணிப்பையோடு வந்தாள். வயது நாற்பது. இருந்தும் அண்ணன் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு வீட்டில் இன்னும் குட்டிதான். பெரிய மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் மேனேஜர். பையிலிருந்து கரும்பச்சைத் துணி ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"கவுன். கை வைக்காம தைங்க அண்ணி."

"கை வைக்காமன்னா?"

"கை வைக்காமன்னா கை வைக்காமத்தான். எங்க கடைக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. இன்னும் நாலு மாசத்துல விழா. மேடையில நின்னு நிகழ்ச்சியை நடத்தப்போறது நான்தான். ஒரு தடவையாவது ஆசைப்பட்டபடி போட்டுக்கறேனே."

டெய்லரக்காவின் உதட்டில் நான்கு குண்டூசி இருந்தது. அவற்றை எடுத்துவிட்டுப் பேசியிருந்தால் யோசிக்க ஒரு நொடி கிடைத்திருக்கும்.

"உன் கையைப் பார்த்துட்டுத்தான் சொல்றியா?" என்று ஊசியோடு சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

குட்டி துணியை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். பைக்குள் வைத்தாள். "உங்க கை மட்டும் என்ன வாழுதாம்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அடுத்த இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாக டெய்லரக்காவின் கணவரிடம் புகார் சொன்னார்கள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவில் எல்லாருக்கும் வண்டி வாத்தியார். "ரெண்டு பேரும் என்னை நடுரோட்டுல நிறுத்தி ரெண்டு பக்கமும் ஹார்ன் அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

மூன்றாம் நாள் கடை மூடும் நேரத்தில் குட்டி வந்து, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த அண்ணியின் முன்னால் நின்றாள்.

"மெத்தைக் கடைக்கு மேல ஒரு ஜிம் இருக்கு. விசாரிச்சேன். காலைல ஆறு டு ஏழு பொம்பளைங்க மட்டும்தான். சொல்லித் தர்றதும் ஒரு பொம்பளை. தனியாப் போக வெக்கமா இருக்கு. நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு? என் கைதான் ஒண்ணும் வாழலையே."

"அதனாலதான் கூப்பிடறேன்."

டெய்லரக்கா கோபமாகப் பார்க்க நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது.

*

மெத்தைக் கடையின் பக்கவாட்டுப் படி இருட்டாக இருந்தது. மேலே கதவைத் திறந்ததும் ரப்பர் பாயின் வாசனையும் இரும்பு வாசனையும் கலந்து வந்தன. ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே பெரிய நிம்மதி. எல்லாரும் 'கோச்' என்று கூப்பிட்ட பெண் குட்டையாக இருந்தாள். முப்பது வயது இருக்கலாம். டீ-ஷர்ட்டுக்கு வெளியே தெரிந்த கைகளை டெய்லரக்கா தொழில் கண்ணோடு பார்த்தாள். தோளில் ஒரு வளைவு, அதற்குக் கீழே ஒரு பள்ளம், பிறகு மறுபடி ஒரு வளைவு. இந்தக் கைக்கு வெட்டுவதென்றால் புது அச்சுதான் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் கோச்.

"கை மட்டும் சிக்குனு ஆகணும்" என்றாள் குட்டி. "வேற எதுவும் வேண்டாம்."

"கையை மட்டும் தனியாக் கழட்டிக் குடுத்துட்டுப் போறீங்களா? நாளைக்கு வந்து வாங்கிக்கலாம்."

குட்டி திருதிருவென்று விழித்தாள். கோச் சிரிக்காமல் தொடர்ந்தாள். "ஒரு எடத்துல மட்டும் கொழுப்பைக் குறைக்கிற வித்தை எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. உடம்பு பூரா வேலை செய்யணும். கால், முதுகு, தோள், எல்லாம். கையும் சேர்ந்து வரும். பின்பக்கம் தொங்குதே, அங்க ஒரு தசை தூங்குது. அதை எழுப்பணும். நல்லாச் சாப்பிடணும், நல்லாத் தூங்கணும். வாரத்துல மூணு நாள் போதும்."

"ஆம்பளை மாதிரி ஆயிட மாட்டோமே?" டெய்லரக்கா மெதுவாகக் கேட்டாள்.

"பன்னிரண்டு வருஷமாத் தூக்கறேன். எனக்கே இன்னும் ஆகலை."

குட்டி அதற்குள் ஓரத்திலிருந்த ரோஸ் நிற டம்பெல் இரண்டை எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. கோச் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குட்டியின் கைப்பையை வாங்கி எடை மெஷின்மேல் வைத்தாள். நாலரை கிலோ காட்டியது.

"தினமும் இதைத் தோள்ல மாட்டிட்டு பஸ் ஏறுறீங்க. ஒரு கிலோவை வச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று சொல்லி, ஆளுக்கு ஒரு ஐந்து கிலோவை நீட்டினாள்.

அன்று அவர்கள் செய்தது அதிகமில்லை. பெஞ்சில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் எடையை இடுப்புக்கு இழுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோல உட்கார்ந்து எழுந்தார்கள். சுவரில் கை வைத்துத் தள்ளினார்கள். எட்டு தடவை தள்ளியதும் டெய்லரக்காவின் கை நடுங்கியது. "சுவர் நகர்ந்துச்சா?" என்று குட்டி மூச்சு வாங்கக் கேட்டாள். "இல்லை, நான்தான் நகர்ந்துட்டேன்" என்றாள் இவள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குட்டியிடமிருந்து போன். "அண்ணி, தலை சீவ முடியலை. கை காதுக்கு மேல போக மாட்டேங்குது. நேத்துக் கட்டின கொண்டையோடவே வேலைக்குப் போறேன்."

டெய்லரக்காவின் நிலைமையும் அதேதான். வண்டி வாத்தியார்தான் சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நின்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவை. "இப்ப லெப்ட்ல திரும்பு. மெதுவா. இங்க ஒரு சிக்கல், கொஞ்சம் ஸ்லோ பண்ணிக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே பின்னிவிட்டார். கோணல்மாணலாக ஒரு பின்னல் வந்தது. அதை அவிழ்க்காமலேயே கடைக்குப் போனாள். சாயங்காலம் வரை அதை அடிக்கடித் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

*

முதல் நாளே டெய்லரக்கா இருவருடைய அளவையும் எடுத்து, வாடிக்கையாளர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். மேல் கை சுற்றளவு: அவளுக்குப் பதிமூன்றரை இஞ்ச், குட்டிக்குப் பதிமூன்று. இஞ்ச் டேப்பைத் தவிர வேறு எதையும் அவள் நம்புவதில்லை. அது அவள் சுபாவம்.

நாட்கள் ஓடின. காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும் என்றிருந்த பழக்கம் போய், முட்டையும் பயறும் தட்டில் ஏறின. "இப்படிச் சாப்பிட்டா கை இன்னும் குண்டாகும்" என்று குட்டி பயந்தாள். "தசைக்குத் தீனி போடாம வேலை வாங்கினா அது ஸ்டிரைக் பண்ணும்" என்றாள் கோச். ஐந்து கிலோ எட்டானது. சுவரை விட்டு இறங்கி மேசை விளிம்பைப் பிடித்துத் தள்ளினார்கள். தரையில் கிடக்கும் நீள இரும்புக் கம்பியைக் குனிந்து தூக்கவும் கற்றுக்கொண்டார்கள். முதுகை நேராக வை, குதிகாலைத் தரையில் ஊன்று, கையால் இழுக்காதே, காலால் தரையைத் தள்ளு. கோச் இதைச் சொன்ன நாட்களின் எண்ணிக்கை அவளுக்கே தெரியாது.

எட்டாவது வாரம் முடிந்த சனிக்கிழமை, கடையில் யாரும் இல்லாத நேரத்தில் டெய்லரக்கா டேப்பை எடுத்தாள். ஒரு நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டு கையைச் சுற்றினாள்.

பதிமூன்றரை.

மறுபடி சுற்றினாள். பதிமூன்றரை. டேப் இழுபட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, டிராயரிலிருந்து புது டேப் ஒன்றைப் பிரித்தாள். அதுவும் பழையதோடு கூட்டுச் சேர்ந்ததுபோல அதே எண்ணைச் சொன்னது. இருபத்து நாலு நாள் விடிவதற்கு முன்னால் எழுந்திருக்கிறாள். இருட்டுப் படியில் ஏறியிருக்கிறாள். தலை சீவ முடியாமல் இருந்திருக்கிறாள். அரை இஞ்ச்கூட இல்லை. கால் இஞ்ச்கூட இல்லை.

திங்கட்கிழமை அவள் ஜிம்முக்குப் போகவில்லை. குட்டி போன் செய்தபோது, "ஆர்டர் நிறைய இருக்கு" என்றாள். புதன்கிழமையும் ஆர்டர். வெள்ளிக்கிழமையும் ஆர்டர். வாத்தியார் தினமும் காலையில் முட்டையை வேக வைத்து அவள் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் திரைச்சீலைத் துணி ஒரு முழு ரோல் வந்து இறங்கியது. ஓர் ஓட்டலுக்கான வேலை. வழக்கமாக அப்படி ரோல் வந்தால் பக்கத்துச் சாவிக்காரரைக் கூப்பிடுவாள். அவர் வந்து முனகிக்கொண்டே மேல் பலகையில் ஏற்றிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். அன்று அவள் ஓட்டல்காரன் சொன்ன அளவுகளை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த யோசனையிலேயே குனிந்தாள், குதிகாலை ஊன்றினாள், ரோலை மார்போடு அணைத்து எழுந்தாள், தலைக்கு மேல் தள்ளிப் பலகையில் உட்கார வைத்தாள். அப்போது தோளில் 'டர்' என்று ஒரு சத்தம்.

சட்டையின் தோள்பட்டைத் தையல் இரண்டு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. அவள் தைத்தது பிரியாது. வெளுத்துப்போகும், நைந்துபோகும், பிரியாது. சட்டையைக் கழற்றி, வேறொன்றை மாட்டிக்கொண்டு, பிரிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூலில் குறையில்லை. துணியிலும் குறையில்லை. உள்ளே இருந்தது பெரிதாகியிருந்தது.

சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். "ரோல் வந்துச்சுன்னு பார்த்தேனே, எங்க?"

"மேல இருக்கு."

"யாரு தூக்கி வச்சா?"

டெய்லரக்கா பலகையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. "நான்தான்" என்றாள். சாவிக்காரர் ரோலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "அப்ப எனக்கு டீ கிடையாதா?" என்றார்.

"உக்காருங்க, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் திரைக்குப் பின்னால் போனாள். கண்ணாடி முன்னால் நின்று கையைப் பக்கவாட்டில் நீட்டி முழங்கையை மடக்கினாள். மடக்கியதும் மேலே ஒரு மேடு எழுந்தது. நீட்டினால் பின்பக்கத்தில் ஒரு கோடு. சதை போய்விடவில்லை. ஆட்டினால் இன்னும் கொஞ்சம் ஆடியது. ஆனால் அதற்கு அடியில் புதிதாக யாரோ குடிவந்திருந்தார்கள். விரலால் அழுத்திப் பார்த்தாள். பஞ்சுத் தலையணையாக இருந்தது இப்போது நன்றாகப் பிசைந்த மாவுபோல இறுக்கமாக இருந்தது. சுற்றளவு அப்படியே இருக்க, உள்ளே ஆள் மாறியிருக்கிறது. இதைப் போய் டேப் எப்படிச் சொல்லும்?

வெளியே சாவிக்காரர் இரண்டு தடவை இருமினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து டீ சொன்னாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் படியேறியபோது கோச் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆர்டர் முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுது" என்றாள் டெய்லரக்கா.

*

குட்டியின் கவுனை அவள் மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். ஒவ்வொரு மாதமும் தோள் அளவு மாறிக்கொண்டிருந்தது. "நீ கொஞ்ச நாள் வளராம இரு" என்று திட்டிக்கொண்டே ஊசி குத்தினாள். கடைசி முறை போட்டுப் பார்த்தபோது குட்டி கண்ணாடி முன்னால் நின்று கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "சினிமாக்காரி கை மாதிரி இல்லை" என்றாள்.

"இல்லைதான்."

"ஆனா நல்லா இருக்குல்ல அண்ணி?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் டெய்லரக்கா. இந்தத் தடவை வாயில் ஊசி எதுவும் இல்லை.

விழாவன்று காலை குட்டி ஒரு காகிதப் பையை நீட்டினாள். உள்ளே கருநீலத்தில் ஒரு கவுன், அதுவும் கை வைக்காதது. "உங்களுக்குத்தான். நீங்களா தைச்சுக்க மாட்டீங்கன்னு தெரியும். உங்க நோட்டுலேருந்து அளவைத் திருடி, மார்க்கெட் பக்கத்து டெய்லர்கிட்ட குடுத்தேன்."

டெய்லரக்கா கவுனை வாங்கி, முதலில் உள்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "இதையா தையல்னு குடுத்தான்? ஓரமே மடிக்கலையே. அக்குள்ல பாரு, பல்லு போன கிழவன் சிரிக்கிற மாதிரி இருக்கு." இத்தனை வருஷத்தில் அவளுக்காக யாரும் துணி தைத்துக் கொடுத்ததில்லை. பிறகு மெஷினில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் முழுவதையும் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். வாத்தியார் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்லை. சிக்னல் விழுந்துடுச்சு" என்றார்.

விழா ஒரு பூங்காவை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. மேடையில் குட்டி பட்டாசாகப் பேசினாள். கையை வீசி வீசிப் பேசினாள், எதையும் இழுத்து மூடிக்கொள்ளவில்லை. பேச்செல்லாம் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் புல்தரையில் விளையாட்டு. ஸ்பூனில் எலுமிச்சம்பழம், சாக்கு ஓட்டம், கடைசியில் கயிறு இழுக்கும் போட்டி. லென்ஸ் அறுக்கும் பட்டறை ஆட்கள் ஐந்து பேர் ஒரு பக்கம் வந்து நின்றார்கள். ஆறாவது ஆள் வராததால் வண்டி வாத்தியாரைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். எதிரே நிற்க யாரும் வரவில்லை.

"நாங்க வர்றோம்" என்றாள் குட்டி. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினாள். டெய்லரக்காவும் கழற்றினாள். கண் பரிசோதிக்கும் பெண், கணக்கெழுதும் அம்மா, விற்பனைப் பெண்கள் இருவர் என்று நாலு பேர் சேர்ந்தார்கள். டெய்லரக்கா அவர்களை வரிசையாக நிற்க வைத்தாள். "கையால இழுக்காதீங்க. குதிகாலை ஊன்றி, உக்கார்ற மாதிரி இறங்கி, காலால தரையைத் தள்ளுங்க" என்றாள்.

நடுவர் விசில் ஊதினார். ஆண்கள் ஏதோ ஜோக் அடித்துச் சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்திருந்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவன் புல்லில் உட்கார்ந்திருந்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது.

இரண்டாம் முறை ஆண்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். வென்றார்கள். மூன்றாம் முறை கயிறு இரு பக்கமும் நகரவில்லை. நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி ஒரு சாண் இங்கே வந்தது, ஒரு சாண் அங்கே போனது. டெய்லரக்காவுக்கு முன்னால் குட்டியின் தோளும் கையும் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தத் தோளில் தசை எழுந்து அடங்கியது. அவள் பார்வை தன் கைக்குப் போனது. வெயிலில் வியர்வை மின்ன, அதுவும் எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க நேரமில்லை. இழுத்தாள். அப்படி இழுப்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது. காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததும் குட்டியும் சிரித்தாள். சிரிப்பு வரிசை முழுக்கத் தொற்றியது. எதிர்ப்பக்கம் வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு, "சிரிக்காதீங்க, எனக்கும் வருது" என்றார். அடுத்த நொடி இரு பக்கமும் கயிறு தளர்ந்து, பன்னிரண்டு பேரும் புல்லில் விழுந்தார்கள். யாருக்கு வெற்றி என்று நடுவருக்குத் தெரியவில்லை. "சாப்பாடு ரெடி" என்று அறிவித்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வாத்தியார் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கயிறு உரசி இரண்டும் சிவந்து கொப்புளித்திருந்தன. டெய்லரக்கா தன் கையைப் பார்த்தாள். மூன்று மாதமாக இரும்புக் கம்பியைப் பிடித்துக் காய்த்துப்போயிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தாள். பின்சீட்டில் குட்டி காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

"கண்ணாடியைப் பாரு. இண்டிகேட்டர் போடு. ரெண்டாவது கியர்" என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

"அண்ணா, நீ தோத்தவன். பேசாம வா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"தோக்கலை. டிரா."

"நாளைக்கு ஆறு மணிக்கு நானும் வரலாமா?" என்று கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார்.

"பொம்பளைங்க நேரம் அது. ஆம்பளைங்களுக்கு ஏழு மணிக்கு மேலதான்" என்றாள் டெய்லரக்கா. சன்னலை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே காற்றில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் காரை மெதுவாகத் திருப்பினாள். விதிப்படி அது தப்பு. வண்டி வாத்தியார் பார்த்தார். தன் பக்கத்துச் சன்னலையும் இறக்கிவிட்டார்.